பாவனைப் பள்ளியும் நிஜப் பிள்ளையும்

கல்வியில் நியாயம் பற்றிய விவாதத்துக்குள் கணினி நுழையும்போது இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். ‘கணினிக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது; அது போடும் கணக்கே நியாயம்’ என்பது ஒன்று. ‘குழந்தைகளை எண்களாக்காதீர்கள்’ என்பது மற்றொன்று. முதற்குரல் பொறியாளர்களிடமிருந்தும் நிர்வாகிகளிடமிருந்தும் வருகிறது. இரண்டாவது பெரும்பாலும் நம்மிடமிருந்து, அதாவது கதையும் கவிதையும் படித்துக்கொண்டு எண்களைச் சற்றே அருவருப்புடன் பார்க்கப் பழகியவர்களிடமிருந்து வருகிறது.

இரு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன என்பதே என் வழக்கு. கணினி எதைப் பாவனை செய்கிறது என்று இருவருமே கேட்பதில்லை. ஒரு விதியைப் பாவனை செய்து பார்ப்பது வேறு, ஒரு பிள்ளையைப் பாவனை செய்து பார்ப்பது வேறு. முன்னது விதியை எழுதியவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய உதவும். பின்னது விசாரணையே இல்லாமல் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத உதவும். இந்த வேறுபாட்டைக் காணாமல் கணினியைத் துதிப்பவர்களும் தூற்றுபவர்களும் சேர்ந்தே அதைத் தவறான கைகளில் ஒப்படைத்திருக்கிறார்கள்.

*

சிமுலேஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் பல ஆக்கங்கள் புழங்குகின்றன. ‘பாவனை’ என்ற பழஞ்சொல்லே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் விளைவுகளை நேர்மையாக இறுதிவரை பின்தொடர்வது. கணினிப் பாவனையில் நடப்பதும் இதுதான். கற்பனையாக ஆயிரம் மாணவர்களை உண்டாக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண், ஒரு வீடு, ஒரு விருப்பப் பட்டியல் என்று கொடுத்து, ஒரு சேர்க்கை விதியை அவர்கள்மீது ஓடவிட்டு, யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. பிறகு விதியில் ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடியும் ஓடவிடுவது.

இதற்குக் கணினிகூடக் கட்டாயம் இல்லை. 1971இல் தாமஸ் ஷெல்லிங் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களையும் இரு வகைக் காய்களையும் கொண்டே இத்துறையின் மிகப் புகழ்பெற்ற பாவனையைச் செய்தார். தன் அண்டை வீட்டாரில் ஓரளவுக்கேனும் தன் இனத்தவர் இருந்தால் போதும் என்ற மிதமான விருப்பமே ஒவ்வொரு காய்க்கும். எவரும் மற்றவரை வெறுக்கவில்லை. ஆனாலும் சில சுற்று இடமாற்றங்களுக்குப் பின் பலகை இரண்டாகப் பிளந்து நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும் பெற்றோரின் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. ‘எங்களுக்கு வேற்றுமையெல்லாம் கிடையாது, ஆனால் பழக்கத்துக்கு நம்மவர்கள் நாலு பேராவது வேண்டாமா’ என்ற மெல்லிய வாக்கியம் ஓர் ஊரையே பிரித்துவிடப் போதுமானது. தனிமனித நோக்கம் நல்லதாக இருப்பதாலேயே கூட்டு விளைவு நல்லதாக இருந்துவிடாது என்பதைக் காய்களை நகர்த்தியே அவர் காட்டினார்.

இலக்கிய வாசகர்களுக்கு இது அந்நியமான முறையும் அல்ல. தகுதி ஆட்சி என்று பொருள்படும் ‘மெரிட்டாக்ரசி’ என்ற சொல்லைப் பரவலாக்கிய மைக்கேல் யங்கின் 1958ஆம் ஆண்டு நூல், 2034இல் வாழும் ஒரு சமூகவியலாளன் எழுதும் வரலாறாகப் புனையப்பட்டது. அறிவுத்திறனும் உழைப்பும் சேர்ந்ததே தகுதி என்று வைத்து, அந்தத் தகுதிக்கேற்பவே எல்லாம் பகிரப்படும் ஒரு சமூகத்தை அவர் ஓடவிட்டுப் பார்த்தார். முடிவில் கிளர்ச்சி வெடிக்கிறது. அந்தச் சமூகத்தைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த கதைசொல்லியே அதில் மடிகிறான். எச்சரிக்கையாக எழுதப்பட்ட அந்த அங்கதத்தின் சொல்லைப் பின்னாளில் அரசியல்வாதிகள் வாழ்த்துச் சொல்லாக ஆக்கிக்கொண்டபோது, 2001இல் யங் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். இல்லாத மனிதர்களைக் கொண்டு இருக்கும் சமூகத்தைச் சோதிப்பது புனைவின் வேலை என்று ஏற்றுக்கொள்ளும் நாம், அதையே எண்களால் செய்தால் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

*

அருவமாகப் பேசுவதைவிட ஒரு சிறு பாவனையைச் செய்து காட்டுவது மேல். காகிதமும் புள்ளியியல் பாடநூலின் பின்னிணைப்பு அட்டவணையும் இருந்தால் வாசகரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பத்தாயிரம் மாணவர்கள். அனைவரின் திறனும் ஒரே மாதிரியான மணிவடிவப் பரவலில் அமைந்தது. சராசரி மதிப்பெண் 50. மூன்றில் இரண்டு பங்கினர் 40க்கும் 60க்கும் இடையில். இவர்களில் பாதிப்பேர், ஐயாயிரம் பேர், பணம் கட்டித் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். பயிற்சி அவர்கள் ஒவ்வொருவருக்கும் 5 மதிப்பெண்ணைக் கூட்டித் தருகிறது. அவ்வளவுதான். ஐந்து மதிப்பெண் என்பது என்ன பெரிய அநியாயம் என்று தோன்றும். சராசரியைப் பார்த்தால் 50க்கு 55.

இப்போது இடங்களை நிரப்புவோம். இருப்பது ஆயிரம் இடமென்றால், பயிற்சி பெறாத பாதிக்கு ஏறத்தாழ 290 இடமும் பெற்ற பாதிக்கு 710 இடமும் கிடைக்கின்றன. இடம் நூறாகச் சுருங்கினால் பங்கு 20க்கு 80 ஆகிவிடுகிறது. அதே திறன், அதே ஐந்து மதிப்பெண் இடைவெளி. மாறியது இடங்களின் எண்ணிக்கை மட்டும். பயிற்சி தரும் கூடுதல் 10 மதிப்பெண் என்று வைத்தால், நூறு இடங்களில் பயிற்சி பெறாதவர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்து.

காரணம் எளியது. மணிவடிவத்தின் நடுவில் கூட்டம் நெரிசலாக நிற்கிறது. அங்கே ஐந்து மதிப்பெண் கூடுவதால் இரு குழுக்களின் விகிதம் அதிகம் மாறாது. ஓரத்தில் ஆட்கள் அருகிக்கொண்டே போகிறார்கள்; அங்கே வளைவைச் சற்று நகர்த்தினாலே விகிதம் பலமடங்கு புரண்டுவிடும். மருத்துவம் போன்று இடம் குறைந்த படிப்புகள் எப்போதும் ஓரத்தில்தான் நடக்கின்றன. ‘சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லையே’ என்று அறிக்கை விடும் அதிகாரி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் நடுவைக் காட்டுகிறார். அநீதி ஓரத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

இதற்கு வழக்கமான மறுப்பு ஒன்று உண்டு. ‘நீங்கள் போட்டதைத்தானே கணினி திருப்பித் தந்தது? இரு குழுவுக்கும் திறன் சமம் என்று வைத்தது நீங்கள்தானே?’ ஆம். நான்தான். பாவனையின் பயனே அதில்தான் இருக்கிறது. என் அனுமானம் மேசையின்மீது கிடக்கிறது. எவரும் அதை எடுத்து, ‘திறன் சமமல்ல’ என்று மாற்றி எழுதலாம். எழுதினால், ஏழைப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே திறன் குறைவு என்று தம் கையால் எழுதி, கீழே ஒப்பமும் இடவேண்டியிருக்கும். ‘தகுதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை காலமும் அந்த அனுமானம் ஒப்பமில்லாமலேயே ஒளிந்திருந்தது. மறைந்திருக்கும் அனுமானத்தைவிட வெளிப்படையான அனுமானம் மேலானது. அதனோடு சண்டை போடவாவது முடியும்.

*

விதியைப் பாவனை செய்வதால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைவிட நல்ல சான்று இல்லை. 1974இல் நீதிமன்ற ஆணைப்படி கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பேருந்துகளில் ஒருவர் வட்டாரத்துப் பள்ளிக்கு மற்றவரை அனுப்பத் தொடங்கி, அதனால் தெருக்கலவரம் கண்ட ஊர் அது. பிற்காலத்தில் இரு தரப்பு வாதம் அங்கே நிலைத்தது. வீட்டருகே நடந்து போகும் தொலைவில் உள்ள பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்றார்கள் ஒரு சாரார். நல்ல பள்ளிகள் எல்லா வட்டாரத்திலும் இல்லை, ஆகவே நகரம் முழுவதும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள் மறு சாரார். 1999இல் சமரசமாக, ஒவ்வொரு பள்ளியிலும் பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு, மீதிப் பாதி அனைவருக்கும் என்று விதி எழுதப்பட்டது. இரு தரப்பும் ஆளுக்குப் பாதி வென்றதாக நினைத்துக்கொண்டன.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல், பொருளியலாளர்கள் பராக் பாதக், டேஃபுன் சோன்மெஸ் முதலானோர் அந்த விதியை நகரத்தின் உண்மையான விருப்பப் பட்டியல்கள்மீது ஓடவிட்டுப் பார்த்தார்கள். பாதி இட ஒதுக்கீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. அருகமைப் பிள்ளைகளுக்கென்று வைத்த பாதி, செயலில் வெற்றுக் காகிதமாக இருந்திருக்கிறது. எவரும் ஏமாற்றவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. இடங்களை எந்த வரிசையில் நிரப்புவது என்று மென்பொருளில் இருந்த ஒரு சிறு ஏற்பாடுதான் காரணம்.

நம்முடைய கற்பனைப் பத்தாயிரம் பேரை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். நூறு இடங்களில் இருபதைப் பயிற்சி பெறாதவர்களுக்கு ஒதுக்குவோம். அந்த இருபது இடங்களை முதலில் நிரப்பினால் என்ன ஆகும்? பயிற்சி பெறாதவர்களில் முதல் இருபது பேர் அவற்றில் அமர்கிறார்கள். ஒதுக்கீடே இல்லாமல் இடம் பிடித்திருக்கக்கூடியவர்களும் இதே இருபது பேர்தான். மீதி எண்பது இடங்களும் மற்றவர்களுக்குப் போகின்றன. பழையபடி 20க்கு 80. இருபது இடம் ஒதுக்கியும் ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக உள்ளே வரவில்லை. வரிசையை மாற்றி, பொது இடங்கள் எண்பதை முதலில் நிரப்பினால், அவற்றில் ஏறத்தாழ 16 பேர் பயிற்சி பெறாதவர்களாக இருப்பார்கள். அதன்பின் ஒதுக்கப்பட்ட இருபது இடங்கள் அவர்களுக்கு அடுத்து நிற்பவர்களுக்குப் போகும். மொத்தம் 36. சட்டப் புத்தகத்தில் இரண்டும் ‘இருபது விழுக்காடு’தான். ஒன்று வாக்குறுதி, மற்றது வாக்குறுதியின் நிழல்.

பாஸ்டன் கணினியின் உதவியால் கண்டறிந்த இந்த உண்மையை இந்தியச் சமூகநீதி இயக்கம் நீதிமன்றப் படிக்கட்டுகளில் முன்பே கற்றிருந்தது. பொதுப் போட்டியில் தம் மதிப்பெண்ணால் வென்ற பிற்படுத்தப்பட்டோரை ஒதுக்கீட்டுக் கணக்கில் கழிக்கக் கூடாது என்று 1992இல் இந்திரா சஹானி வழக்கின் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. பொது இடங்களை முதலில் நிரப்பு என்பதன் சட்டமொழி அது. அந்த ஒரு வாக்கியத்தின் பெறுமதி என்ன என்பதை மேலே சொன்ன 20க்கும் 36க்கும் இடையிலான பதினாறு பிள்ளைகள் சொல்வார்கள். எண்களை வெறுக்கும் நண்பர்கள் இந்தப் பதினாறு பேரிடம் என்ன பதில் சொல்வார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

பாஸ்டனின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. துதிபாடிகளுக்கான பாடம் அதன் அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. அதே 2013இல் நகரம் புதிய திட்டமொன்றை ஏற்றது. எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த பெங் ஷீ வடிவமைத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் வீட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில், மிக அருகிலுள்ள முதல்தரப் பள்ளிகள் இரண்டு, முதலிரண்டு தரங்களில் நான்கு, முதல் மூன்று தரங்களில் ஆறு என்று ஒரு பட்டியல் தரப்படும். கணினியில் பலமுறை ஒத்திகை பார்த்த திட்டம். ஆனால் நகர நிர்வாகம் முன்வைத்த முதன்மைக் கேள்வி, ‘பிள்ளைகளை வீட்டுக்கு அருகில் கொண்டுவருவது எப்படி’ என்பதே. 2018இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீடு, பயணத் தொலைவு குறைந்திருந்தாலும் நல்ல பள்ளிகளுக்கான வாய்ப்பில் இருந்த இனச் சமமின்மை தீரவில்லை என்று காட்டியது. நல்ல பள்ளிகள் குறைந்த வட்டாரத்தில் பட்டியலை எப்படி எழுதினாலும் நல்ல இருக்கைகள் பெருகிவிடாது. பங்கீட்டு விதியைப் பாவனை செய்யலாம். இல்லாத நல்ல பள்ளியைப் பங்கிட முடியாது.

ஆகவே பாவனை ஒரு விடைப்பொறி அல்ல. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லும். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அரசியல்.

*

இனி மற்ற வகை. விதியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாவனை செய்தால் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்து 2020இல் உலகுக்குக் காட்டியது.

பெருந்தொற்றால் அந்த ஆண்டு பள்ளியிறுதித் தேர்வுகள் கைவிடப்பட்டன. ஒவ்வொரு மாணவரும் தேர்வு எழுதியிருந்தால் என்ன தரம் பெற்றிருப்பார் என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டு அனுப்பினார்கள். கூடவே, பாடவாரியாக முதலாமவர் முதல் கடைசியானவர் வரை ஒரு வரிசையையும் அனுப்பினார்கள். தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவால் பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியரின் தர மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தப் பள்ளி முந்தைய மூன்றாண்டுகளில் அந்தப் பாடத்தில் பெற்ற தரங்களின் பரவலைச் சில திருத்தங்களோடு எடுத்து, வரிசையின்மீது பொருத்தியது. எளிமையாகச் சொன்னால், ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் இருபதில் ஒருவர் தோற்றிருந்தால், இந்த ஆண்டும் இருபதாவதாக நிற்பவர் தோற்க வேண்டும். அவர் தேர்வு எழுதவில்லை என்பது ஒரு பொருட்டல்ல. பலகாலமாக உயர்தரம் எதுவும் பெறாத ஒரு பள்ளியில் அந்த ஆண்டு ஓர் அபூர்வமான பிள்ளை படித்திருந்தால், அவளுக்கு முன் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் அவளுடைய கூரையாக ஆனார்கள்.

ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தன. ஆசிரியர்கள் தந்த தரங்களில் ஏறத்தாழ 39 விழுக்காடு கீழிறக்கப்பட்டிருந்தன. ஒரு பாடத்தில் ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்பது என்று ஒரு விலக்கு இருந்தது. புள்ளியியல் நோக்கில் நியாயமானதுதான், சின்ன எண்ணிக்கையில் பரவலை நம்ப முடியாது. ஆனால் சின்ன வகுப்புகள் எங்கே இருக்கின்றன? கட்டணப் பள்ளிகளில். அப்பள்ளிகளில் உயர்தரம் பெற்றோரின் பங்கு முந்தைய ஆண்டைவிட 4.7 புள்ளி உயர்ந்தது. பொதுப் பள்ளிகளில் 2 புள்ளி. ஒன்பது நாள் முன்னதாக ஸ்காட்லாந்தில் வெளியான முடிவுகளிலும் இதே கதை. மிகவும் பின்தங்கிய பகுதி மாணவர்களின் தேர்ச்சி விகிதம் ஆசிரியர் மதிப்பீட்டிலிருந்து 15.2 புள்ளி வெட்டப்பட்டது. மிக வசதியான பகுதிகளில் 6.9 புள்ளி. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 11இல் ஸ்காட்லாந்தும் 17இல் இங்கிலாந்தும் பின்வாங்கி, ஆசிரியர் தந்த தரங்களையே ஏற்றன.

அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் பழியைப் பிறழ்ந்துபோன ஒரு கணிப்பு நெறியின்மீது போட்டார். இது அப்பட்டமான தப்பித்தல். நெறி பிறழவில்லை. சொன்னதைச் செய்தது. தரங்களின் ஒட்டுமொத்தப் பரவல் முந்தைய ஆண்டுகளைப் போலவே இருக்கவேண்டும் என்று அரசு மார்ச் மாதமே எழுத்தில் கேட்டிருந்தது. ஆண்டுக்கும் ஆண்டுக்கும் இடையிலான நியாயம் காக்கப்பட்டது. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையிலான நியாயம் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது.

இதில் இன்னும் கசப்பான ஓர் உண்மை உண்டு. அந்த நெறி ஒத்திகை பார்க்கப்படாமல் வந்ததல்ல. 2019ஆம் ஆண்டின் தரவுகள்மீது அதை ஓட்டிச் சோதித்திருந்தார்கள். ஆனால் 2019இல் ஆசிரியர் தந்த வரிசை என்று ஒன்று இல்லை. ஆகவே மாணவர்கள் தேர்வில் உண்மையாகப் பெற்ற மதிப்பெண்களைக்கொண்டே வரிசையை அமைத்துக்கொண்டார்கள். விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே எழுதிய ஒத்திகை இது. ஆசிரியரின் வரிசையில் பிழை நேரலாம் என்ற சாத்தியமே அந்தப் பாவனை உலகில் இல்லை. இந்தப் பலவீனங்களை முன்கூட்டியே சுட்டக்கூடியவர்கள் இருந்தார்கள். அரச புள்ளியியல் கழகம் தன் உறுப்பினர்கள் இருவரை உதவிக்கு முன்மொழிந்தது, ஆஃப்குவால் ஐந்தாண்டு வாய்மூடல் ஒப்பந்தம் கேட்டது, கழகம் மறுத்தது. 319 பக்கத் தொழில்நுட்ப அறிக்கை முடிவு வெளியான அன்றே வெளியானது. தூக்கு மேடையில் குற்றப்பத்திரிகையை வாசித்துக் காட்டுவது போல.

*

நமக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. 2021இல் இங்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் கைவிடப்பட்டன. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டின் பள்ளித் தேர்வுகளுக்கு 40 விழுக்காடு என்று பிரித்தது. அத்துடன் நிற்காமல், பள்ளி தரும் மதிப்பெண்கள் அப்பள்ளி கடந்த மூன்றாண்டுகளில் சிறப்பாகச் செய்த ஓர் ஆண்டின் அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்றும் விதித்தது. மூன்றில் சிறந்த ஆண்டைத் தேர்ந்ததால் இங்கிலாந்தின் கொடுமை இங்கே இல்லை. தேர்ச்சி விகிதம் 99.37. ஆனாலும் அடிப்படைக் கருத்து அதுவே: பள்ளியின் பழைய முகத்தைப் புதிய பிள்ளைக்கு அணிவிப்பது.

தமிழகம் அதே ஆண்டு வேறு கணக்குப் போட்டது. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்வுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடு. இதிலும் குறைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் விளையாட்டாக இருந்துவிட்டுப் பிறகு விழித்துக்கொண்ட பிள்ளை இதில் நசுங்கும். ஆனால் அது அந்தப் பிள்ளை தன் கையால் எழுதியவற்றின் கணக்கு. அவளுடைய பள்ளியில் முன்பு படித்தவர்கள் எழுதியவற்றின் கணக்கு அல்ல. எந்தப் புள்ளியியல் நுட்பமும் இல்லாத இந்தப் பாமரச் சூத்திரம், அறநோக்கில் ஆஃப்குவாலின் நுட்பத்தைவிட மேலானது. ஒரு குழுவைப் பற்றிய உண்மையை அக்குழுவின் தனியொருவர்மீது தீர்ப்பாக எழுதாமல் இருப்பது நியாயத்தின் அரிச்சுவடி. சாதியை எதிர்த்துப் பேசிய ஒவ்வொருவரும் நமக்குச் சொல்லித் தந்தது அதைத்தானே?

அப்படியானால் பாவனை எங்கே வேண்டும்? விதி எழுதும் மேசையில். அங்கேதான் அது இல்லை. நீட் தேர்வு 2017இல் தமிழக மருத்துவச் சேர்க்கைக்கு நடைமுறைக்கு வந்தபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு என்னவாகும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்த எந்த அட்டவணையும் பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. தனிப்பயிற்சி கூட்டும் மதிப்பெண்ணுக்கு ஓரத்தில் என்ன பலம் என்பதை மேலே கண்ட எளிய கணக்கே சொல்லியிருக்கும். அதற்குப் பதில் பாவனையை நிஜப் பிள்ளைகளைக்கொண்டு நடத்தினோம். அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகக் குறைந்த பின்னரே குழு அமைத்தோம். 2020இல் நீதிபதி கலையரசன் குழு பத்து விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது, சட்டமானது 7.5 விழுக்காடு. அதனால் அந்த ஆண்டே ஏறத்தாழ 400 அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவ, பல்மருத்துவ இடங்களைப் பெற்றார்கள். அது பெரிய நன்மை. அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் பத்து ஏன் ஏழரை ஆனது, அந்த இரண்டரையில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்ற அட்டவணை எங்கே?

இன்னொன்றும் இருக்கிறது. 2020இன் கலந்தாய்வு அந்த 7.5 விழுக்காட்டு இடங்களிலிருந்தே தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொதுப் போட்டியில் பெறும் பங்கு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்வரை, வரிசை எதுவானாலும் விளைவு ஒன்றே. அவர்களுடைய பங்கு மெல்ல உயரத் தொடங்கும் நாளில், ஒதுக்கீட்டை முதலில் நிரப்பும் வரிசை அந்த உயர்வைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடக்கூடும், பாஸ்டனின் பாதி இடங்கள் விழுங்கப்பட்டது போல. அப்போதும் சட்டப் புத்தகத்தில் 7.5 என்றே இருக்கும். இதை இன்றே ஓட்டிப் பார்க்க ஒரு கல்லூரி மாணவரின் மடிக்கணினியும், பெயர் நீக்கிய தரவும் போதும். முதலாவது நம்மிடம் உள்ளது. இரண்டாவதை அரசு தர வேண்டும்.

*

கோரிக்கைகள் மூன்றுதான். சேர்க்கை விதியோ மதிப்பெண் விதியோ, நடைமுறைக்கு வருமுன் பழைய ஆண்டுகளின் தரவுமீது அது ஓட்டப்பட வேண்டும். அனுமானங்கள் அனைத்தும் தமிழில், சாதாரண மொழியில், விதி வருவதற்கு முன்பே வெளியாக வேண்டும். இரண்டாவது, அந்த அறிக்கையில் ‘யாருக்கு நட்டம்’ என்றொரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளி வகை, பயிற்றுமொழி, மாவட்டம், சமூகப் பிரிவு, பாலினம் என்று பிரித்து. மூன்றாவது, எந்தக் காரணத்தைக் கொண்டும் எந்தப் பாவனையும் பெயருள்ள ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை நிர்ணயிக்கக் கூடாது.

‘இதெல்லாம் கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை’ என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த ஒதுங்கலைத்தான் முதலில் சொன்ன தவறு என்கிறேன். இங்கிலாந்தின் 319 பக்கத்தில் குறையைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது உயர்கணிதம் அல்ல. ‘இந்த வரிசை எங்கிருந்து வந்தது’ என்ற வாசகனின் கேள்வி. கதைசொல்லியை நம்பலாமா, அவன் எதை மறைக்கிறான், யார் இந்தக் கதையில் பேசவே இல்லை என்று கேட்கப் பழகியவர்கள் நாம். சேர்க்கை விதிகளும் கதைசொல்லிகளால் எழுதப்படுபவையே. அடுத்த குழுவின் அறிக்கை வரும்போது, முன்னுரையைப் படித்துவிட்டு மூடி வைக்காமல், பின்னிணைப்பைத் திறந்து நட்டக் கணக்கு எங்கே என்று தேடுங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதுங்கள்.